செவன் கிங்ஸ் தோட்டத்தில் கிடைத்த சமாதான தேவி

சென்ற மார்ச்சில், கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுத் தவமணி அக்காவின் கணவர் பின்தோட்டத்தில் புது வேலிக்குக் குழி தோண்டியபோது ஒரு நாணயம் அகப்பட்டது. ஐந்து பென்ஸ் காசைவிடச் சற்றுப் பெரியது, பச்சை பூத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் கதிர்முடி சூடிய தாடிக்காரர். மறுபக்கம் நின்றபடி ஒரு பெண். ஒரு கையில் இலைக்கொத்து, மறுகையில் நீண்ட கோல். அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. வேப்பிலையும் சூலமும் ஏந்திய அம்மன்தான் என்று தேய்த்துக் கழுவிச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். தினமும் ஒரு பூவும் வைத்தார்.

பழைய காசுகளைப் பற்றி இணையத்தில் மேய்வது என் பொழுதுபோக்கு. அக்கா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் 'பாக்ஸ்' என்ற லத்தீன் சொல் தெரிந்தது. ரோமர்களின் சமாதான தேவியின் பெயர் அது. அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அக்காவே வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இதை வடிவா விசாரிச்சுச் சொல்லும். வேற ஆரையோ கும்பிட்டுக்கொண்டு இருக்கிறனோ எண்டு மனசு கேக்குதில்லை."

அப்படித்தான் ஒரு புதன்கிழமை இருவரும் புளூம்ஸ்பரியில் உள்ள பெரிய அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினோம். எலிசபெத் லைன் ரயிலில் டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு வரை அரை மணி நேரம். அங்கிருந்து பத்து நிமிட நடை. அனுமதி இலவசம். பை சோதிக்கும் வரிசைதான் பயணத்தைவிட நீளம்.

நாணயக் கூடம் மேல்மாடியில். எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் முண்டியடிக்கும் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு காசில் அக்காவின் அம்மன் நின்றுகொண்டிருந்தார். அதே இலை, அதே கோல். அக்கா கைப்பையிலிருந்து தன் காசை எடுத்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கூடத்தில் ஒரு மேசை போட்டு, பழைய காசுகளைக் கையில் கொடுத்துக் காட்டுகிற தன்னார்வலப் பெண்மணி ஒருவர் இருந்தார். விலை சொல்ல மாட்டேன், உறுதியாகவும் சொல்ல முடியாது என்ற முன்னுரையோடு வாங்கிப் பார்த்தார். தேவியின் காலடியில் தேய்ந்த இரண்டு எழுத்துகளைக் காட்டி, "லண்டன் அக்கசாலையில் அடித்த காசு போலிருக்கிறது" என்றார். ரோமிலிருந்து வந்த காசு என்றல்லவா நினைத்திருந்தேன்.

கதையையும் அவரே சொன்னார். மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், காசின் மறுபக்கத்துத் தாடிக்காரரான ஒரு படைத்தலைவர் ரோமிடமிருந்து பிரித்தானியாவைப் பிரித்துத் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். ரோம் படை திரட்டியது. அவரோ சமாதான தேவியைக் காசு காசாக அடித்துத் தள்ளினார்.

அக்கா என்னைப் பார்த்து, "சமாதானம் வேணுமெண்டு அடிச்சவரோ, ஆமிக்குச் சம்பளம் குடுக்க அடிச்சவரோ எண்டு கேளும்" என்றார்.

கேட்டேன். இரண்டுக்கும்தான் என்று அந்தப் பெண்மணி சிரித்தார். பிறகு அந்தத் தலைவரைச் சொந்த அமைச்சரே கொன்றதையும், சில ஆண்டுகளில் ரோம் தீவை மீட்டுக்கொண்டதையும் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அக்கா தானாகவே பேசினார். "நாங்கள் சுவிஸில இருக்கேக்க என்ர தம்பியும் எங்களோடதான் இருந்தவன். ஊரில சண்டை முடிஞ்சு சமாதானம் வந்திட்டுதெண்டு எல்லாரும் சொல்ல, நம்பிப் போனவன். நானும் ஓம் எண்டுதான் அனுப்பினனான். திரும்பி வரேல்லை."

ஆறு வருடமாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஒன்பதரைக்குப் பிறகு ரயில் ஏறினால் கட்டணம் குறைவு. காசுகளைத் தொட்டுப் பார்க்கும் மேசை எல்லா நேரமும் இருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். தோட்டத்தில் காசு கிடைத்தால் தயவுசெய்து அக்காவைப் போலத் தேய்க்காதீர்கள். அந்தப் பச்சையோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். இப்படித் தனியாக அகப்படும் செப்புக்காசைப் பெரும்பாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் உங்கள் பகுதித் தொல்பொருள் அலுவலரிடம் பதிந்தால் ஆய்வாளர்களுக்கு உதவும். குவியலாகக் கிடைத்தால் தெரிவிப்பது சட்டம்.

திரும்பும் ரயிலில் நான்தான் பேச்செடுத்தேன். விருப்பமில்லாவிட்டால் அந்தக் காசை ஏதாவது உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தேவியின் முகம் தேய்ந்து, மூக்கும் கண்ணும் இல்லாமல் இருந்தது.

"இவளைக் கேட்டோ அந்தத் தாடிக்காரர் காசில அடிச்சவர்?" என்றார். "இவள் என்ன செய்வாள், பாவம். என்னோடயே இருக்கட்டும்."