தரைக்கோடும் சுவர்க்கோடும்

"இந்தச் செவுத்தைக் கட்டுன மகராசன் நல்லா இருக்கோணும்ங்க. கண்ணு ரெண்டும் மட்டும் அவிஞ்சு போகோணும்ங்க."

நிலைப்படியில் குத்துக்காலிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் செல்லமுத்து. எந்த வீட்டிலும் முதல் அரைமணி நேரம் இப்படித்தான் போகும். சுவரெழுப்பிய கொத்தனார், நிலை வைத்த ஆசாரி, குழாய் பதித்தவர் என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார். ஒரு வசவிலும் 'ங்க' குறையாது.

குண்டனி நாட்டுக்காரர்; இந்த மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். வயது நாற்பத்தாறு. பெங்களூரில் பன்னிரண்டு வருடம் அடுக்குமாடிகளுக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு மலைக்குத் திரும்பியவர். முழங்கால் இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்த்திருக்கிறது. காதில் செருகிய பென்சிலை யாருக்கும் இரவல் தரமாட்டார்.

எடுத்த எடுப்பில் சிமெண்டைக் குழைக்க விடமாட்டார். வாசலிலிருந்து கடைசிச் சுவர்வரை டைல்ஸைச் சும்மா அடுக்கிப் பார்ப்பார். நூல் பிடிப்பார். சுவரில் பென்சிலால் குறிப்பார். வெட்டுத்துண்டு ஒரு பக்கம் விரலளவாகவும் மறுபக்கம் முக்காலாகவும் விழுந்தால் அத்தனையையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். அதற்குள் வீட்டுக்காரருக்கு இரண்டு காப்பி ஆகியிருக்கும், இவருக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

"தரையில டைல்ஸ் இடுக்குல ஓடுற கோடு செவுத்துல ஏறோணும்ங்க. ஏறாட்டி அது ஒட்டுனதில்ல, அப்புனது."

அவர் வீட்டிலோ வெறும் சிமெண்டுத் தரைதான். கேட்டால் அதற்கும் கோபம். "என் ஊட்டுச் செவுரே கோணலுங்க. அதுல டைல்ஸ் ஒட்டுனா ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டுன மாதிரி." அவர் மனைவி பெருமாயி வேறு மாதிரி சொல்கிறார்: "மூணு தடவ நூலு புடிச்சுப் பாத்துட்டு மூணு தடவயும் நூலைச் சுருட்டி எறிஞ்சுட்டாருங்க."

போன ஐப்பசியில் வளப்பூர் நாட்டில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்கு எட்டுக் குளியலறை கட்டினார்கள். எடுத்துச் செய்தவர் ராசிபுரத்துக் காண்டிராக்டர் யுவராஜ். செல்லமுத்துவுக்கு வருடத்தில் பாதி நாள் வேலை அவரிடமிருந்துதான் வரும். லாரி வந்து பெட்டிகள் இறங்கின. செல்லமுத்து இரண்டு பெட்டியைப் பிரித்து டேப்பை வைத்தார். தரைக்கு வந்தது பன்னிரண்டு அங்குலம். சுவருக்கு வந்தது பத்து அங்குலம். எங்கோ முடிந்த வேலையில் மிஞ்சிய சரக்கு.

பெட்டிகளை மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

மறுநாள் யுவராஜே மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்துவிட்டார். "என்ன மேஸ்திரி, பத்துக்கும் பன்னெண்டுக்கும் ரெண்டு அங்குலந்தானே?"

"அஞ்சடிக்கு ஒருக்காத்தாங்க ரெண்டு கோடும் சந்திக்கும். ரூமே ஆறடிங்க. மிச்ச எடமெல்லாம் பல்லு வரிசை தப்புன மாதிரி இளிக்கும்."

"இளிச்சா இளிச்சுட்டுப் போகுது. மலைப்புள்ளைங்க குளிக்கிறதுக்கு இது போதாதா? எவன் வந்து கோடு பாக்கப் போறான்?"

அந்த இடத்தில் செல்லமுத்துவின் குரல் தணிந்துவிட்டது. அவரை அறிந்தவர்கள் பயப்படுவது அந்தத் தணிந்த குரலுக்குத்தான். "உங்க ஊட்டு சாமி ரூமுக்கு ஆறு நாள் நூலு புடிச்சேன். சொந்தக்காரங்களக் கூட்டியாந்து, பாரு பாரு, தரைக்கோடு செவுத்துல ஏறுதுன்னு காட்டுனீங்களே. அந்தச் செல்லமுத்து கீழ வந்தா ஒரு கண்ணு, மலைக்கு ஏறுனா ஒரு கண்ணா? நானும் மலைப்புள்ளதான்."

பேசி முடித்த பிறகுதான், 'ங்க' விட்டுப்போனது அவருக்கே உறைத்தது. திருப்பிச் சேர்த்துக்கொள்ளவில்லை.

யுவராஜ் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வார்டன் வளர்மதி தருமபுரிப் பக்கத்துப் பெண், மலைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம். தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணா, கோணலா இருந்தாலும் பரவால்ல. புள்ளைங்க தகரத்தடுப்புல நின்னு குளிக்குதுங்க. பனியில வெறைக்குது. காத்தடிச்சா கதவு வேற நிக்கமாட்டேங்குது."

செல்லமுத்துவுக்குக் காண்டிராக்டரிடம் வந்ததைவிட அதிகமான கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை. "பரவால்லன்னு நீங்க சொல்லக் கூடாதுங்க அம்மிணி. வேற யாரு சொன்னாலும் நீங்க சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு விடுவிடுவென்று தகரத்தடுப்புக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். ஆணி போன கதவுக்குக் கீல் வைத்தார். ஓட்டைத் தகரத்தை மாற்றினார். சேற்றுத் தரையில் பலகைக்கல் பரப்பினார். தன் பிடிவாதத்தால் பிள்ளைகள் இன்னும் எத்தனை நாள் அங்கே நிற்குமோ என்ற எண்ணம் அவரை அரித்தது. ஆனாலும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

யுவராஜ் கீழேயிருந்து அனுப்பிய இரண்டு மேஸ்திரிகளும் செல்லமுத்து வேண்டாமென்ற வேலை என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் யுவராஜ் அனுப்பிய லாரி வந்தது. பழைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, சுவருக்குப் பன்னிரண்டு அங்குல அகலத்தில் புதுச் சரக்கை இறக்கிவிட்டுப் போனது. செல்லமுத்து நன்றி சொல்லிப் போன் செய்யவில்லை. நிறம் மாறிவிடாமல் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருந்த நிற எண்ணையும் சரிபார்த்து அடுக்கவே ஒரு பகல் ஆயிற்று.

எட்டு அறையும் முடிந்த அன்று யுவராஜ் போனில் படமெடுத்துக்கொண்டே உள்ளே வந்தார். தரையிலிருந்து கோடு சுவரில் ஏறி, சன்னலடிவரை ஒரே நூலாக நின்றது. "பிரமாதம் மேஸ்திரி. போனதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

செல்லமுத்து நாலாவது அறையின் கதவைச் சாத்தி, அதன் பின்பக்கச் சுவரை அவருக்குக் காட்டினார். அடிவரிசையில் ஒரு டைல்ஸ், நூலின் கனத்துக்கு விலகியிருந்தது.

"இங்க தப்புங்க. என் தப்பு."

"அட விடுங்க, இதெல்லாம் ஒரு..."

செல்லமுத்து உளியை எடுத்து அந்த டைல்ஸின் நட்டநடுவில் வைத்து, சுத்தியலை ஓங்கி இறக்கினார்.