பத்தியம் காத்த குற்றம்

சென்ற மாரியில், பனி கொட்டிய ஒரு நாள், எங்கள் அப்பார்ட்மெண்ட் சூப்பரிண்டெண்ட் கதவைத் தட்டி, மூக்கைச் சுளித்தபடி, "கறியா?" என்று கேட்டார். "கறியில்லை, சைனீஸ்" என்றேன். சீனச் சாப்பாடு என்று நினைத்திருப்பார். "ஓ, நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுப்பில் கொதித்ததோ வேரும் பட்டையும் போட்ட கசாயம். மீன் குழம்பு வாசத்துக்கு முறைப்பாடு எழுதுகிறவர், அந்த நாற்றத்தை மன்னித்தார். பிள்ளைகளே, அந்தக் கசாயத்தால் வந்த கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் அம்மா தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். காலையில் அவளுடைய விரல்கள் மடங்காது. சுதா, தலை பின்னிவிடச் சொல்லி நீ சீப்போடு வந்து நின்றால், "பிறகு வா" என்பாள். அந்த நேரத்தில் ஸ்காபரோவில் ஒரு சீனப் பிளாசாவில் இருந்த வைத்தியசாலை, மூட்டு நோவுக்குத் தங்கள் கசாயம் கேட்கிறதா என்று பரிசோதிக்க ஆட்களைத் தேடியது. அம்மாவும் மேல்மாடிப் பரிமளம் அக்காவும் சேர்ந்தார்கள். முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அங்கிருந்த டொக்டர் ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். "எங்கள் மருந்தை இங்கே ஒருவரும் மதிப்பதில்லை. கணக்குக் காட்டினால் மதிப்பார்கள்" என்றார். அவரும் எங்களைப் போல வந்தேறியவர்தானே என்று எனக்கு அவரில் ஒரு பட்சம்.

ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி மருந்து தந்தால் பத்தியம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கசாயம் வீட்டுக்குள் வந்தால் நண்டும் கத்தரிக்காயும் புளியும் தாமாகவே வெளியே போய்விடும். இங்கேயும் அப்படித்தான் நடந்தது.

"சீனாக்காரன்ர கசாயத்துக்கும் எங்கட பத்தியமோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"கசாயம் அவன்ர எண்டாலும் வயிறு எங்கட வயிறுதானே, தம்பி" என்றார் பரிமளம் அக்கா.

டொக்டரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

பனி கரையும்போது பரிமளம் அக்காவின் முழங்கால் நோவு குறைந்திருந்தது. அம்மாவின் விரல்கள் அப்படியே இருந்தன. எல்லா மருந்தும் எல்லாருக்கும் கேட்காது. அதில் எனக்குக் கோபமில்லை. பிறகு அந்த வைத்தியசாலைக் கண்ணாடியில் ஒரு விளம்பரம் வந்தது. முதல் நாள் எடுத்த படம். அதன் கீழே, கசாயம் குடித்த எல்லாருக்கும் சுகம் என்று எழுத்து. உங்கள் இருவரையும் காரில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் உள்ளே போனோம்.

"உங்கள் மனைவி சாப்பாட்டை மாற்றினார் என்று கடைசி நாள் விசாரித்தபோதுதான் தெரியவந்தது. அது பரிசோதனையைக் குழப்பும். அவரைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டோம்" என்றார் டொக்டர்.

"பரிமளமும் அதே சாப்பாடுதானே?"

"அவர் சுகமாகிவிட்டாரே."

என் மனைவியையும் எண்ணுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இன்னும் மருந்து கேட்கிறேன் என்று விளங்கிக்கொண்டார். இரண்டு பொதிகளை மேசைக்கு மேலால் தள்ளி, "ஃப்ரீ" என்றார். அம்மா திருப்பித் தள்ளினாள்.

"எனக்குச் சுகம் வரேல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

அதை அவருக்கு விளங்கும்படி சொல்ல என்னால் முடியவில்லை. காரில் நான் புறுபுறுத்தபோது, "லீவ் இட் அப்பா, இட்ஸ் நொட் அ பிக் டீல்" என்றாய், சுதா.

பெரிய விஷயம்தான், பிள்ளை. நாங்கள் கிட்டிப்புள்ளு விளையாடினாலும் முதலில் கோட்டைக் கீறுவோம். புள்ளு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கீறுகிறவனை விளையாட்டில் சேர்க்கமாட்டோம். மருந்துப் பரிசோதனையும் அப்படித்தான் இருக்கவேண்டும். யார் சேரலாம், எதைப் பார்த்துச் சுகம் என்று சொல்வது, யாரை எதற்காக நீக்குவது என்பதை அடுப்பு மூட்ட முதலே எழுதவேண்டும். எழுதித் தங்கள் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்தால் போதாது. லைப்ரரி போல எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொது இடத்தில் பதியவேண்டும். முக்கியமாகப் பத்தியத்தைக் கேட்டுப் பதியவேண்டும். வெள்ளைக்காரரின் மருந்துக் குளிசைக்கு அந்தக் கேள்வி அவ்வளவு தேவைப்படாது. சீனருடையதோ எங்களுடையதோ, கசாயம் என்றால் பத்தியம் அதில் பாதி. இப்படிப் பதிந்திருந்தால் அந்த டொக்டருக்கும் நல்லது. இப்போது அவர் காட்டும் கணக்கை எவரும் பொய் என்று தள்ளலாம். பரிமளம் அக்காவுக்கு உண்மையாகவே வந்த சுகமும் அதோடு பொய்யாகிப்போகும்.

போன கிழமை கோயிலில், பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்து வந்த ஒரு பிள்ளை அம்மாவை மறித்தாள். அவளுடைய தாய்க்கும் கை நோவாம்.

"அன்ரி, அந்த விளம்பரத்தில உங்களைக் கண்டனான். அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போகலாமோ?"

"படத்தில நிக்கிறது நான்தான், பிள்ளை. சுகப்பட்டதுதான் நானில்லை."

ஊரில் எங்கள் வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. வாக்காளர் பட்டியல் இடாப்பில் மட்டும் எங்கள் பெயர்கள் இன்னும் கிடக்கின்றனவாம். இங்கே அம்மா வேலைக்குப் பஸ் ஏறும் இடம் அந்தப் பிளாசாவுக்கு நேர் எதிரே. இந்த மாரி வந்த பிறகும் கண்ணாடிக்குள், படத்தில், அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தெருவுக்கு இந்தப் பக்கம், மடங்காத விரல்களைக் கையுறைக்குள் நுழைக்க முடியாமல், பனியில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.