எங்க வூட்டு ஹலோ

ஒனக்கு எதுக்குடி அந்தக் கதயெல்லாம்? போன எடுத்தமா, ஹலோன்னமா, பேசுனமான்னு இல்லாம, அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு, யாரு பெத்தா, எங்க வளந்துச்சுன்னு நோண்டிக்கிட்டு. வாசல்ல பாத்தியா, கறிவேப்பிலக் கன்னு வச்சிருக்கேனே, பழைய ஸ்பீக்கர் குழா? அடியில ஓட்ட இருக்கு, தண்ணி தேங்காது, அருமையான பூச்சட்டி. நீ கேக்குற சொல்லு எனக்கு அதுக்குள்ளேர்ந்துதான் வந்துச்சு.

நீதான் போன்ல படிச்சுக் காட்டுன. வெள்ளக்காரன் மொதல்ல வேட்ட நாய ஏவத்தான் அப்படிக் கத்துனானாம், அப்பறம் ஆத்துக்கு அந்தாண்ட நிக்கிற படகுக்காரனக் கூப்பிட்டானாம். போனு வந்த பொறவுதான் அதுக்கு மரியாதயாம். நாயக் கூப்பிட்ட சொல்லுலயா தாத்தாவக் கூப்பிட்டீங்கன்னு சிரிச்ச. கூப்பிட்டா வந்தாருல்ல, அது போதும் எனக்கு.

அப்ப ஈஜோக் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தோம். போனுன்னா ஆபீஸ்ல மட்டுந்தான். கணக்குப் பாக்குற கிராணி, அந்தப் பக்கம் தொர பேசுனா எந்திரிச்சு நின்னு ஹலோம்பாரு, சத்தம் தொண்டயத் தாண்டாது. அதே வாயி வெளிய வந்து நம்ம ஆளுங்களப் பாத்து ஹலோன்னா, வேலய விட்டுட்டு எங்கடா சுத்துறன்னு அர்த்தம். ஒங்க தாத்தா ஹலோ வேற மாதிரி. காலையில பால்மரம் வெட்டுவாரு, திருழா வந்துட்டா சுத்துவட்டாரத்துக் கோயிலுக்கெல்லாம் மைக்கு கட்டப் போயிருவாரு. குழாய மரத்து மேல ஏத்திட்டு, ஹலோ மைக் டெஸ்டிங் ஹலோன்னு ஒரு கொரலு குடுப்பாரு பாரு, தூங்குற சாமியே எந்திரிச்சு ஒக்காந்துக்கும்.

கட்டிக்கிட்டு வந்த புதுசுல, புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிரும்னு மாமியா சொல்லி வச்சிட்டாங்க. லயத்துலயோ வரிசயா வூடு. நான் ஏங்கன்னு கூப்பிட்டா அந்தப் பக்கத்து வூட்டுக்காரரு எட்டிப் பாக்குறாரு, இந்தப் பக்கத்து வூட்டுக்காரரு என்னாங்குறாரு. அதான் அவரு சொல்லயே எடுத்து அவருக்குப் பேரா வச்சிட்டேன். மெதுவா ஹலோன்னா தேத்தண்ணி ஆறுது. இழுத்துச் சொன்னா ஒங்கம்மா வர்றாங்க, தள்ளி ஒக்காருங்க. வெட்டுனாப்ல சொன்னா சட்டியில கைய விடாதீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னா என்னான்னு ஒனக்கு எதுக்கு? கண்ணாலம் ஆவட்டும், தன்னால தெரியும்.

ஒரு தடவ உலு யாம்ங்கிற ஊரு கோயிலுக்கு மைக்கு கட்டப் போன மனுசன், வரேன்னு சொன்ன நாளுக்கு வரல. எனக்கு ஆத்திரம். வந்து நின்னவருகிட்ட நான் வேணுமா குழா வேணுமான்னு கேட்டுட்டேன். சட்டையக் கழட்டி மாட்டிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. நானும் ஹலோ சொல்றத நிறுத்திட்டேன். கரண்டு போன மாதிரி கெடந்துச்சு வூடு. ஒருநா காலையில, கெர்லிங்ல அண்ணன் இருக்குற தோட்டத்துலயே வேலைக்குச் சேந்துக்குறேன்னு அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் பொட்டியத் தூக்கிட்டாரு. குழாயத்தான் கட்டிக்கிட்டு அழப் போறாரு, போகட்டும்னு வீறாப்பாத்தான் இருந்தேன். கட்டிலுக்கு அடியில கூட்டுறேன், வெளக்குமாறு என்னத்துலயோ இடிக்குது. குழா. ரெண்டுல ஒண்ணக் கேட்டா, மனுசன் ரெண்டயுமே விட்டுட்டுப் போறாரு.

குழாயத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, கால்ல செருப்பு இல்லாம, தார் ரோட்டுக்கு ஓடுனேன். பஸ்ஸு நவுந்துருச்சு. ஏங்கன்னு கத்துனேன். பஸ்ஸுல இருந்த ஆம்பளைங்கல்லாம் திரும்புனாங்க, அவரத் தவிர. பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆயுசு நெனப்பு வந்து முழுங்கிட்டேன். குழாயோட பின்பக்கம் வாய வச்சு ஒரு ஹலோ வுட்டேன் பாரு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துருச்சு. பஸ்ஸு நிக்கல, அதுக்குள்ள குதிச்சிட்டாரு. பொட்டி மட்டும் தனியா கெர்லிங் போயிச் சேந்துச்சு. கிட்ட வந்து என்னயப் பாத்தாரு, குழாயப் பாத்தாரு.

"சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தி லா"ன்னாரு.

அவ்ளோதான். மன்னிப்பும் இல்ல, மண்ணும் இல்ல. அதுக்கப்பறம் எந்தத் திருழாவுக்குப் போனாலும், குழா ஏறுனதும் மொத ஆளா நான் மேடைக்குக் கீழ நிப்பேன்.

இப்ப அவரு இல்ல. ஆனா யாரு போன எடுத்தாலும் மொதல்ல அவரத்தான் கூப்பிடுறாங்க, சீனன், மலாய்க்காரன், எல்லாரும். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. அதான் எனக்குப் போனு வந்தா "யாரு"ன்னு மட்டும் கேக்குறேன். நீங்க என்னடான்னா கெழவிக்கு மரியாத தெரியலங்கிறீங்க. என் புருசன நான் கண்டவங்ககிட்டயா கூப்பிடுவேன்?

அன்னிக்கு நாங்க திரும்பி வந்தா, லயமே வாசல்ல நிக்குது. பக்கத்து வூட்டு அக்கா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, என்னாடி சத்தம், திருழாவுக்குத்தான் இன்னும் நாளு கெடக்கேன்னு கேக்குறாங்க. நான் குழாய எறக்கி வச்சு முந்தானையால தொடச்சேன்.

"மைக் டெஸ்டிங், அக்கா"ன்னேன். "நல்லாத்தான் வேல செய்யுது."