முப்பத்தேழாம் நம்பர் கால்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. காலணித் தொழில்நுட்ப டிப்ளமோவின் கடைசிப் பரீட்சைக்கு என் கையாலேயே வெட்டி, தைத்து, ஒட்டிக் கொண்டுபோய் வைத்த ஜோடியில் இரண்டுமே இடது கால். பரீட்சை நடத்த வந்தவர் இரண்டையும் மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதப் போட்டுக்கினு நடக்கிறவன் நேரா போவானா, சுத்திக்கினே இருப்பானா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் எனக்கு இன்றும் தெரியாது.

அந்த முட்டாளைத்தான் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் 'எக்ஸ்ரே சேகர்' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் அது காலில் எங்கே கடிக்கும், எங்கே கழன்றுகொள்ளும் என்று சொல்லிவிடுவேனாம். நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அறுபது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டுக்கு நான் முதலாளியானதே அந்தக் கண்ணால்தான் என்று நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

பொய். எனக்கு அப்படியொரு கண் கிடையாது. பதினெட்டு வருடமாக நான் பார்த்ததெல்லாம் என் அண்ணி அமுதாவின் வலது காலால். அதை மறைத்தேன். மறைத்தது மட்டும்தான் என்றால் இத்தனை தாளை வீணாக்கியிருக்க மாட்டேன்... அவருக்குக் கிடைக்கவேண்டிய வேலையையும் தட்டிப் பறித்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். மேடையில் சொல்வது மாதிரி இல்லாமல்.

அப்பா டேனரியில் ஈரத்தோல் தூக்கியவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை முன்னால் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். சுண்ணாம்பு அரித்த கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: "நீயாவது காஞ்ச தோலத் தொடுடா." அவருடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான். பெரியவன், ரவி அண்ணன், பத்தாவதோடு டேனரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் தோல் ஊறும் ட்ரம்முக்கே போய்விட்டான். மிச்சம் இருந்தவன் நான். அதனால் நான் படித்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. பேட்டர்ன் பேப்பரை, தோல் வெட்டுவதற்கான அளவு வரைகிற பரீட்சை அது, மூன்று முறை எழுதினேன். அப்பா தெருவெல்லாம் "சின்னவன் ஷூ இன்ஜினியரு" என்று சொல்லி வைத்திருந்தார். யாராவது மேலே கேட்டால் நான் பால் வாங்கப் போய்விடுவேன்.

அண்ணி பள்ளிகொண்டாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். பிளஸ் டூவில் என்னைவிட மார்க் ஜாஸ்தி. ஒரு பெரிய ஷூ கம்பெனியில் பேஸ்டிங் டேபிளில் இருந்தார். தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. அந்தப் பசை வாடை நாள் முழுக்க மூக்கிலேயே இருக்கும். சாயங்காலம் தலைவலித் தைலம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மாஸ்டர் காதர் பாயிடம் போய் நின்று, "எங்க கொழுந்தன், டிப்ளமோ படிச்சிருக்கான்" என்று கேட்டார். இதையும் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சாம்பிள் ரூம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் படம் அனுப்புவான். அதைப் பார்த்து நாங்கள் ஒரே ஒரு ஷூ தைப்போம். பெண்கள் அளவென்றால் முப்பத்தேழாம் நம்பர், வலது கால் மட்டும். ஜோடி தைப்பதில்லை, ஒற்றைக் காலே போதும், தோல் மிச்சம். அது சரியாக இருந்தால் ஆர்டர். சரியில்லை என்றால் குறைகளை எழுதி 'கமெண்ட்' வரும். நான் சேர்ந்த முதல் மாதத்தில் அனுப்பிய மூன்றுக்கும் கமெண்ட் வந்தது. மூன்றிலும் என் பேட்டர்ன்.

"இன்ஜினியரு," என்றார் காதர் பாய், "இன்னொரு வாட்டி கமெண்ட் வந்துச்சி, நீ கட்டிங்ல போய் துண்டுத்தோல் பொறுக்கு. நான் உங்க அண்ணிகிட்ட சொல்லிக்கிறேன்."

அப்பாவுக்கு என்ன சொல்வது... காய்ந்த தோலைத்தான் பொறுக்குகிறேன் என்றா?

அன்று மதியம் பைக் ஸ்டாண்ட் ஓரத்தில் அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது சாம்பிளோடு போய் நின்றேன்.

"அண்ணி, உங்க செருப்பு இன்னா நம்பர்?"

"ரப்பர் செருப்புக்கு ஏது நம்பரு? கால வுட்டா போவணும், அவ்ளோதான்."

கால் நம்பர் பார்க்கிற ஸ்கேலை வைத்து அளந்தேன். முப்பத்தேழு. அச்சில் வார்த்த மாதிரி.

வலது காலில் குதி உயர்ந்த சாம்பிளும் இடது காலில் தன் ரப்பர் செருப்புமாக அண்ணி பைக் ஸ்டாண்டிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை நடந்து திரும்பினார். டக், சப். டக், சப். சாய்ந்த படகு மாதிரி. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, உள்ளே கட்டை விரலை விட்டு அழுத்திப் பார்த்தார்.

"சுண்டு வெரல்கிட்ட தையல் குத்துது தம்பி. ரெண்டு நூல் தள்ளிப் போடு. குதிகால் பரவால்ல, ஆனா படி எறங்கும்போது கழண்டுக்கும்."

வாய்ப்பாடு மாதிரி அதை ஒப்பித்துக்கொண்டே சாம்பிள் ரூமுக்கு ஓடினேன். காதர் பாய் எதிரில் ஷூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மனதுக்குள் பத்து எண்ணி, பிறகு சொன்னேன். அந்த ஒரு கண்ணை மூடியது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மற்றதெல்லாம் அண்ணியுடையது.

அந்த முறை கமெண்ட் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

"அல்லா, இன்னா கண்ணுடா இது, எக்ஸ்ரே மாரி," என்றார் பாய். பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்யூஷன் தேவைப்படவில்லை.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. இதுவரைக்கும் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும். நானும் மன்னித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அந்த மேடம் வந்தார். வாங்குகிற கம்பெனியின் ஆள்; ஷூ காலில் பொருந்துகிறதா என்று சோதிப்பதே அவர் வேலை. தன் கம்பெனிக்காக இங்கேயே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சாம்பிள் ரூமில் உட்காரவைக்கப்போகிறார் என்று பேச்சு. ஸ்டாஃப் வேலை. கழுத்தில் சிவப்புப் பட்டி போட்ட கார்டு.

மேடம் வருவதற்கு முந்தின நாள் கம்பெனி வேனில் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் எதையும் கேட்கிறவர் இல்லை. அன்று கேட்டார்.

"தம்பி, அந்தம்மா வந்தா என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லு. சொல்யூஷன் வாடையில தல வெடிக்குது. சாம்பிள் ரூம்ல உக்கார்ற வேலைன்னா... இன்னும் பத்து வருசம் செய்வேன்."

"இது ஒரு மேட்டரா அண்ணி? நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மேடம் முப்பத்தேழாம் நம்பர் கால் ஒன்று கேட்க, சாம்பிள் ரூம் நடுவில் அண்ணி வலது காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார். மேடம் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்: "உங்கள் சாம்பிள்களில் குறை அவ்வளவாக வருவதில்லை. யார் இதைக் கண்டுபிடிப்பது? இந்தப் பெண்ணா?"

ஒரு சொல் போதும். 'ஆமாம்' என்றால் முடிந்தது. அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? இரண்டு இடது கால். பேட்டர்ன் பேப்பர். துண்டுத்தோல் மூட்டை. கண் அவருடையது என்றால், பிறகு நான் எதற்கு இந்த அறையில்?

"இல்லை மேடம்," என்றேன். "அவர் லைனில் வேலை செய்பவர். அளவு பொருந்துகிறது, அவ்வளவுதான். வெறும் கால். பார்த்துச் சொல்வது நான்."

சொல்லிவிட்டு, நம்புவீர்களா, ஒரு கண்ணையும் மூடிக் காட்டினேன்.

அண்ணி குனிந்து ஷூவைக் கழற்றி, துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டு பேஸ்டிங் டேபிளுக்குப் போனார். அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்தேன். அப்படி நினைக்க வசதியாக இருந்தது.

சாயங்காலம் வேனில் கேட்டார். "சொன்னியா தம்பி?"

"சொன்னேன் அண்ணி. பாக்கலாம்னாங்க."

"சரி," என்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் சிவப்புப் பட்டி என் கழுத்தில். பயிற்சி, பெரிய ஆட்களின் பழக்கம், பிறகு சொந்த யூனிட். மேடையில் நான் சொல்கிற 'என் பயணம்' அந்தப் பட்டியிலிருந்து புறப்பட்டதுதான். அண்ணி இன்னும் ஐந்து வருடம் அதே சொல்யூஷன் டேபிளில் இருந்தார். யூனிட் ஆரம்பித்ததும் அவரை என்னிடம் வரச் சொன்னேன். பெருந்தன்மை! ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே இன்றைக்கும் 'ஹெல்பர்' என்றுதான் இருக்கிறது. இன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளில்லாத பின்பக்கத்தில், ஒற்றைக் கால் சாம்பிளோடு நடந்து காட்டுகிறார். டக், சப். நான் உள்ளே போய் ஒரு கண்ணை மூடுகிறேன்.

வலது கால் சாம்பிளுக்குப் போய்விடுவதால், அவருடைய ரப்பர் செருப்பில் இடதுதான் எப்போதும் முதலில் தேய்ந்து அறும். "உங்க அண்ணிக்கு ஒத்தச் செருப்பு விக்கிற கட எங்கனா இருந்தா சொல்லுடா," என்பான் அண்ணன். எல்லோரும் சிரிப்போம். நான் கொஞ்சம் சத்தமாக.

முதல் பொய் பயத்தில் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். மற்ற பதினாறு வருடம்? அதற்கு என்ன பெயர்... சௌகரியம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

போன மாதம் நான் படித்த பாலிடெக்னிக்கிலேயே பேசக் கூப்பிட்டார்கள். குடும்பம், படிப்பு, உழைப்பு என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்கம்மா ஷூ கம்பெனில ட்ரையலுக்குக் கால் குடுக்கிறாங்க. எங்க கடிக்குதுன்னு அவங்கதான் சொல்வாங்களாம். அதெல்லாம் யாரு பேர்ல சார் போவும்?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது வெறும் கால்தாம்மா. பாக்கிற கண்ணு நம்முளுது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டினார்கள். இங்கிலீஷில் சொன்னபோது அது வேலை சம்பந்தமான பேச்சு மாதிரி இருந்தது. தமிழில் கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

அசதியாக இருக்கிறது. எக்ஸ்ரேயாக இருப்பது லேசான வேலை இல்லை. சென்ற வாரம் டாக்டர் எனக்குக் கண்ணாடி வேறு எழுதிக் கொடுத்துவிட்டார். யூனிட்டில் போட்டுக்கொள்ள முடியவில்லை; சட்டைப் பையிலேயே கிடக்கிறது.

நேற்று மதியம் புது சாம்பிளோடு பின்பக்கம் போனேன். அண்ணி வலது காலை விட்டார். நடப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணி, அன்னிக்கு அந்த மேடம்கிட்ட உங்களப் பத்தி நான் சொல்லவே இல்ல. வெறும் காலுன்னு சொன்னேன். அந்த வேலைய நானே எடுத்துக்கினேன். உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னதும் பொய்."

அவர் நடக்கத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

"இனிமே சாம்பிள் ரூம் உங்களுது. கண்டுபிடிக்கிறது நீங்கதான்னு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். நாளைக்கே போர்டு எழுதிடறேன்."

டக், சப். டக், சப். கேட்வரைக்கும் போய்த் திரும்பினார். திட்டினால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். அழுதால் சொல்ல ஒன்று. 'விடு தம்பி' என்றால் காலைத் தொட்டுக் கும்பிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். எந்தக் காலை என்பதுதான் யோசிக்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். உள்ளே கட்டை விரலை விட்டு ஓரமெல்லாம் அழுத்திப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே அதை என் கையில் கொடுத்தார்.

"அதெல்லாம் அன்னிக்கே தெரியும். மொதல்ல எடது காலுக்கும் ஒண்ணு தை."