குசினியைத் தேடிப் போன இடம்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த அறையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். என் குடும்பத்திலும் அப்படியே. ஆகவே பிரெஞ்சில் எது வந்தாலும் விளக்கம் சொல்வது என் பொறுப்பு. வேலை மட்டும் மற்றவர்களுக்கு இருந்தது.

அறைக்கு மூத்த அண்ணை ஒருநாள் ஒரு விலாசத்தோடு வந்தார். "ஓத்தெல் பர்த்திகுலியேயாம், ஆள் எடுக்கினமாம். அதென்ன தம்பி?"

அகராதியைப் புரட்டினேன். "விசேஷமான ஹோட்டல், அண்ணை."

"அப்ப கோப்பை கழுவத்தான். உன்ரை படிப்புக்கு நல்ல கோப்பையாத் தருவினம். இதுவும் சரிவரேல்லை எண்டால் ஆர்ஜொந்தெயிலை மாமா வீட்டை போய் இரு. இஞ்சை உன்ரை இடத்தை வேலை செய்யிற ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

போனால், செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வைத்துக் கட்டிய பெரிய வீடு. கட்டிலும் இல்லை, கறி மணமும் இல்லை, தட்டச்சுச் சத்தம்தான். ஓத்தெல் பர்த்திகுலியே என்றால் அந்தக் காலத்துப் பிரபுக்களின் தனி மாளிகையாம். அப்படிப் பிரபு ஒருவரின் வீட்டை ஒரு காப்புறுதிக் கம்பனி கந்தோராக்கியிருந்தது. பிரபு வீட்டார் நடனமாடிய மண்டபத்தைப் பலகைத் தடுப்பு ஒன்று இரண்டாக்கியிருந்தது. உட்கூரையில் சாந்தால் செய்த தேவதைக் குழந்தை ஒன்று. அதன் தலை கணக்குப் பகுதியிலும் கால்கள் சம்பளப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்தன.

நிர்வாகி கேட்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்றார். கழுவவேண்டிய கோப்பைகளைக் காணவில்லையே என்பதுதான் என் கவலை. பிரெஞ்சில் சமையலறைக்குப் பெயர் கிட்டத்தட்ட நம் குசினியேதான். நான் படிக்காமலே அறிந்த ஒரே சொல்.

"குசினி எங்கே?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லோரும் மண்டபத்தைத்தான் கேட்பார்கள். குசினியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்."

நிலவறைக்கு அழைத்துப்போனார். கோப்பைகளைத் தேடி வந்தவனுக்கு, அடுப்பிருந்த இடத்தில் அடுக்கிய கோப்புகளைக் காட்டினார். பிறகு முற்றத்தில் நிறுத்தி, சுவரில் பாதிச் செங்கல் செங்கல்லே அல்ல, சாந்தில் சிவப்புப் பூசிக் கோடு கிழித்தது என்றார், பெருமையோடு. எங்களூர் மேசன் இப்படிச் செய்தால் கூலி கிடையாது. இங்கே அதை அரசாங்கம் பாதுகாக்கிறது. மேலே ஒரு ஜன்னலும் வரைந்ததுதான். இரண்டு பக்கமும் ஒத்துவரவேண்டுமாம். எல்லாவற்றுக்கும் "வுய், முசியே" என்றேன். கட்டடக்கலையில் இவ்வளவு ஆர்வமுள்ளவரைத் தான் கண்டதில்லை என்று சொல்லி, கூட்டித் துடைக்கிற வேலையை அங்கேயே தந்தார்.

"ஹோட்டலிலை எடுத்தாங்களோ?" என்றார் அண்ணை.

"அது ஹோட்டல் இல்லை அண்ணை, வீடு. வீடெண்டும் சொல்லேலாது, கந்தோர்."

"படிச்ச பெடியளிட்டை ஒரு கேள்வி கேக்கேலாது. எடுத்தாங்களோ இல்லையோ?"

"ஓம், எடுத்திட்டாங்கள்."

"அப்ப இஞ்சையே இரு."

முதல்நாள் வாளியோடு பளிங்குப் படிக்கட்டில் கால் வைத்தேன். நிர்வாகி ஓடி வந்து, பின்சுவருக்குள் ஒளிந்திருந்த ஒடுங்கிய மரப்படியைக் காட்டினார். பிரபுவின் வேலைக்காரர்கள் ஏறியது அதுதானாம். "பழமையை மதிக்கிறவர் நீங்கள். உங்களுக்குப் புரியும்" என்றார்.

நன்றாகப் புரிந்தது. வாளி இரண்டு பக்கமும் இடிபட, பழமையை மதித்துக்கொண்டே ஏறினேன்.