எட்டாவது நட்

நோன்புப் பெருநாள் பின்னேரம் நாலு பத்துக்குக் கண்டக்குழிக் கடலோரக் களப்பில் என் கணவரின் படகுப் பாய்மரம் சரிந்தது. நனைந்துவிடும் என்று அவர் கழற்றித் தந்த கைக்கடிகாரம் என் கையில்தான் இருந்தது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. இப்போது வேலைக்குப் போகிறாள். இந்தக் கதையை எடுத்தால் சிரிக்கிறாள். எனக்கோ ஒவ்வொரு பெருநாளும் நாலு மணியானால் இன்னும் கண் களப்புப் பக்கம் போகிறது.

சண்டை முடிந்து, காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காக வெளிநாட்டவர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. ஒரு விடுதிக்காரர் தன் பழைய கட்டமரன் படகை எங்களிடம் தள்ளிவிட்டார். இரண்டு ஓடங்கள், நடுவில் வலை, ஒரு பாய்மரம். தளத்தில் கம்பியும் கயிறும் மாட்டுகிற வளையங்கள் எட்டும் துருவேறிக் கிடந்தன. என் கணவர் மின்சார வேலை தெரிந்தவர். கடல் வேலையும் தெரியும் என்று நினைப்பவர். எட்டையும் தானே மாற்றப் போவதாக நோன்பு மாதத்தில் தொடங்கினார்.

வளையம் மேலே, அதை இறுக்கும் நட் ஓடத்தின் உள்ளே. உள்ளே கைவிட ஒரு வட்டத் துவாரம்தான் இருந்தது. முதல் நாளே அவருடைய கை முழங்கையோடு சிக்கிக்கொள்ள, தேங்காயெண்ணெய் ஊற்றி எடுத்தோம். அதன்பிறகு உள்வேலை மகளுக்கு வந்தது. வாப்பா மேலே வளையத்தைப் பிடிப்பார். அவள் குப்புறப் படுத்து, கண்ணால் காணாமலே ஸ்பேனரால் இறுக்குவாள். முதல் தடவையாக முழு மாதமும் நோன்பு பிடித்த பிள்ளை. எனக்கு அதுவே கவலை.

கடைசி வளையம், பாய்மரத்தை இடப்பக்கம் பிடிக்கும் கம்பிக்கானது, கடைசி நோன்பன்று வந்தது. கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு நான் சத்தம் போட்டேன்.

"மகள், கையை வெளிய எடு. பாங்கு சொல்லப் போகுது."

"ஒரு நிமிசம் உம்மா."

"நோன்பு திறக்கிற நேரத்தில என்ன நிமிசம்? எழும்பு!"

எழும்பினாள். பிறை கண்டதும் வீடு அமளியாகிவிட்டது. "எல்லாம் போட்டாச்சா மகள்?" என்று வாப்பா பிறகு கேட்டதற்கு, "ஓம் வாப்பா, போட்டாச்சு" என்றாள். பொய்யில்லை. போட்டிருந்தாள், இறுக்கியிருக்கவில்லை.

மறுநாள் காலை முழுவதும் அவர் ஸ்பேனரைத் தேடினார். பின்னேரம் படகைத் தள்ளியபோது ஓடத்துக்குள் ஏதோ உருண்டது. "பெருநாளைக்குக் கிலுகிலுப்பை கட்டியிருக்கு" என்று சிரித்தார். துடுப்பு எங்கே என்று கேட்டேன். பாய் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்றார்.

பாய்மரம் விழுந்ததும் சோளகக் காற்று அவரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. பெருநாளன்று களப்பில் ஒரு தோணிகூட இல்லை. மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா, அந்தக் கடைசி நட்டை விரலாலதான் சுத்தி விட்டேன். ஸ்பேனரும் உள்ளுக்குத்தான்."

உன்னை எழுப்பியது நான்தானே என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளை இழுத்துக்கொண்டு அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரரிடம் ஓடினேன். அவர் வட்டிலப்பத் தட்டும் கையுமாக இருந்தார்.

"நானா, அவர் போறார்!"

"பெருநாளும் அதுவுமா எங்க போறார்?"

களப்பைக் காட்டினேன். வட்டிலப்பத்தை வைத்துவிட்டு, வீட்டுக்குள் கழற்றி வைத்திருந்த தோணி எஞ்சினை, உடுத்திருந்த புதுச் சாரத்தோடேயே தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். "வாப்பா ஏசுவாரா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் வருவாரா என்பதே என் கேள்வி.

வந்தார்கள். நானா முன்னால், கயிற்றில் கட்டமரன் பின்னால். "தங்கச்சி, அடுத்த பெருநாளைக்கு உங்கட மனுசனுக்கு ஒரு துடுப்பு வாங்கிக் குடுங்க" என்றபடி நானா எண்ணெய் பட்ட சாரத்தை உதறினார். என் கணவர் தொப்பலாய் நனைந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. வட்டத் துவாரத்தின் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டு மகளைக் கூப்பிட்டார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அடிவாங்கப் போகிறவள் மாதிரி அழுதபடி போனாள்.

"கையை விடுங்க மகள். என்ட ஸ்பேனர் உள்ளுக்குக் கிடக்கு. நீங்க இறுக்கின ஏழும் அசையவே இல்ல."

அவள் கையை விட்டுத் துழாவினாள். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டாள். அது தனக்குச் சொன்னதல்ல என்பது அந்த வயதில் அவளுக்கு விளங்கவில்லை.

"இந்தக் கடைசி நட்டை இனி அவசரமில்லாம இறுக்கலாம். நோன்பு முடிஞ்சிட்டுதானே, உம்மா கூப்பிட மாட்டா."