எண்ணெய் நிறுத்திய வீடு

கனகாவின் இடுப்பில் முதலில் ஒரு வட்டம்தான் வந்தது. கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மெஷின் அனலில் நாள் முழுக்க நின்றால் சேலைக்கட்டு வேர்வையில் ஊறிவிடும். வட்டம் தொடைக்கு இறங்கியது, மார்புக்கு அடியில் ஏறியது. படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு இரண்டு நாள் அடக்கி வைத்தது. பிறகு முன்னைவிட மோசமாகப் பரவியது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அவள் சொறிவதைப் பார்த்து எழுந்து நின்றுகொண்ட அன்று, பழங்காநத்தத்தில் தோல் டாக்டர் வசுந்தராவிடம் போனாள்.

"சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். கனகா ஒரு வேளைகூட விடவில்லை. மாதம் ஒன்று ஓடியும் அரிப்பு அப்படியே இருந்தது. ராத்திரியெல்லாம் சொறிந்துவிட்டுக் காலையில் மெஷின் முன்னால் நின்றபடி தூங்கி விழுந்தாள். சூப்பர்வைசரிடம் ஏச்சும் வாங்கினாள்.

மறுபடி போனபோது டாக்டர் கேட்டார். "என்னம்மா சாப்பிட்டுட்டு மாத்திரை போடுறீங்க?"

"இட்லிதான் டாக்டர். பொடியை மோர்ல குழைச்சுத் தொட்டுக்கிருவேன்."

"எண்ணெயில குழைக்கக் கூடாதா?"

"வீட்ல எண்ணெயே இல்ல."

அவள் கணவன் மருது லாரி ஓட்டியவன். போன ஆடியில் நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். கனகா பயத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். வேலைக்குப் போய் வந்து இரண்டு சமையல் சமைக்கத் தெம்பில்லை. பொரித்ததென்றால் உயிரை விடும் மனுசன் முன்னால் உட்கார்ந்து தான் மட்டும் தின்னவும் மனசு வரவில்லை. அவனுடைய ரசத்தையும் அவித்த காயையுமே அவளும் சாப்பிட்டாள். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னாள்.

"இந்த மாத்திரை தண்ணியில கரையாதும்மா, கொழுப்புலதான் கரையும். சாப்பாட்டுல எண்ணெய்ச் சத்து இருந்தாத்தான் ரத்தத்துல நல்லா ஏறும். இல்லேன்னா பெரும்பகுதி சும்மா வெளியில போயிரும். நான் முதல்லயே விவரமாச் சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர்.

கனகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எனக்கு எண்ணெய் வேணுங்கிறீங்க. அவருக்கு ஆகாதுங்கிறாங்க. நான் எங்கிட்டுப் போவேன்?"

"நீங்க முட்டையைப் பொரிச்சுச் சாப்பிட்டுட்டுப் போடுங்க. அவருக்கும் ஒரேயடியா நிறுத்தணும்னு இல்ல. எம்புட்டு சேக்கலாம்னு அவர் டாக்டர்கிட்டக் கேளுங்க."

மறுநாளிலிருந்து கம்பெனி வாசல் கடையில் ஆம்லேட்டை நின்றுகொண்டே தின்று மாத்திரையை விழுங்கினாள். வீட்டில் சொல்லவில்லை. ருசியாக இருந்தது, அதுவே உறுத்தியது. இரண்டு வாரத்தில் அரிப்பு மட்டுப்பட்டது.

ஒருநாள் சாயங்காலம் மருது அவள் முந்தானையைப் பிடித்து மோந்து பார்த்தான்.

"முட்டை வாசம் அடிக்குதே?"

எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சீக்காளிதான். அதுக்காக ஒளிச்சு வச்சுத் திம்பியா? உனக்கு மருந்துன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். அவளுக்கும் சமாதானம் பேசத் தெம்பில்லை, போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்தாள். மருது வாங்கி வந்த எண்ணெயைச் சட்டியில் ஊற்றி முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். தட்டில் வைத்து நீட்டினான்.

"சூடாத் தின்னுட்டு மாத்திரையைப் போடு. நான் செத்த நேரம் வெளியில நின்னுட்டு வாரேன்."

அந்த வாசத்தில் அவனால் உள்ளே இருக்க முடியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. முட்டையில் உப்புக் கரித்தது. மிச்சம் வைக்காமல் தின்றாள்.

தோல் தெளிய மேலும் இரண்டு மாதம் பிடித்தது. கறுப்புத் தழும்புகள் மட்டும் நின்றன. மருதுவின் டாக்டர் அளவாக எண்ணெய் சேர்க்கலாம் என்றார். முதல்முறை கடுகு தாளித்துக் குழம்பு வைத்த அன்று மருது இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினான், தட்டுகளையும் அவனே கழுவினான். கனகா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மறுநாள் காலை ஷிப்ட்.